ஈயச் சிப்பாயின் தலைப்பாகை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. படுவான்கரையின் தென்பாகத்தே வாவிநீர் தழுவ அமைந்த ஊர் மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் ஆலயம் அங்கே இருக்கிறது. வேலே வழிபடு பொருள். பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை புரிவார். திரைக்கு அப்பால் நிகழ்வதை அடியார் காண்பதில்லை.

ஆவணித் திருவிழாக் காலத்தில், குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து வரும் கூட்டம் கோயிலைத் தொழுத பின்பு கடை வீதியிலும் சிறிது தங்கும். திருவிழாக் கடை என்றால் வளையலும் பலூனும் மட்டுமா? துவக்கைத் தோளிற் சாத்திய பிளாஸ்டிக்குச் சிப்பாய்களும் அவ்வாறான கடைகளில் வரிசையாக நிற்பதுண்டு. உண்மைத் துவக்கின் ஓசையை நெடுங்காலங் கேட்ட கரைகள் இவை. ஆதலால் பெரியவர் சிலர் அப்பொம்மையைக் கையில் எடுத்தும் பேசாமல் வைத்துவிடுவர். குழந்தைக்கு அத்தயக்கம் இல்லை. அதற்கு அவன் சிவப்புச் சட்டையும் உயர்ந்த தொப்பியும் உடைய ஓர் அழகன், அவ்வளவே.

அந்த அழகனுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஜேர்மனி நாட்டின் நூரென்பேர்க் நகரில், 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹில்பேர்ட் என்னும் வெள்ளீயக் கைவினைஞர் தகடுபோலத் தட்டையான சிறு வீரர்களை வார்த்து வண்ணந் தீட்டி விற்றார். பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடரிக்கின் உருவத்தை அவர் 1777 இல் வார்த்தார். பிரான்சு நாட்டார் தட்டை உருவை விடுத்து முழு உருவில் ஈய வீரரைச் செய்தனர். அவை பாரமானவை, விலையும் மிக்கவை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அவற்றை வைத்து விளையாட முடிந்தது.

1893 இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் தொழிலகம் ஒரு புதிய வழியைக் கண்டது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரத்தில் அது உறைந்தவுடனே நடுவிலுள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே வெற்றிடம், வெளியே முழு வீரன். ஈயம் மிச்சமாயிற்று, விலை இறங்கிற்று. ஏறக்குறைய 54 மில்லிமீற்றர் உயரமுள்ள இவ்வீரர்கள் சிவந்த அட்டைப் பெட்டிகளில் அடங்கி, பேரரசின் கொடி பறந்த இடமெல்லாஞ் சென்றனர். காலாட்படையாயின் பெட்டிக்கு எண்மர், குதிரைப்படையாயின் ஐவர் என்பது பெருவழக்கு. பேரரசில் எத்தனை பட்டாளங்கள் இருந்தனவோ அத்தனைக்கும் பெட்டி செய்ய முனைந்தவர்போல அத்தொழிலகத்தார் பட்டியலை நீட்டிக்கொண்டே போயினர். அப்பட்டியலில் 67 ஆம் எண்ணுக்கு உரிய பெட்டி, முதலாம் சென்னைச் சுதேசக் காலாட்படை.

தமிழ் நேயர்கள் நின்று கவனிக்கவேண்டிய பெட்டி இதுவே. சென்னைப் படை என்று அந்நாளில் வழங்கியது தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் கும்பினியிற் சேவித்த படை. ஊரில் உழவனும் நெசவாளனுமாகப் பிறந்த ஒருவன் செங்குப்பாயம் பூண்டு, தனக்கு விளங்காத மொழியிற் கட்டளை கேட்டு, கடல் கடந்து பிறநாட்டார் கோட்டைகளைப் பிடிக்கச் சென்றான். மட்டக்களப்புக்கும் அவ்வாறே வந்தான்.

புளியந்தீவில் வாவியோரத்தே நிற்கும் கோட்டை போர்த்துக்கீசர் 1628 இல் எடுத்தது. 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1795 ஆகஸ்டில் கர்னல் ஸ்ருவர்ட் என்பாரின் தலைமையிற் சென்னையிலிருந்து வந்த பிரித்தானியப் படை திருகோணமலையை வென்றது. செப்டெம்பர் 18 இல் மட்டக்களப்புக் கோட்டையும் அதன் கைக்கு மாறியது. அப்படையில் ஸ்கொத்லாந்து வீரரோடு சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். கோட்டையைக் காத்தோர் ஒல்லாந்தர். அதனைப் பிடித்த படையிலோ தமிழ் பேசுவோரும் இருந்தனர்! அவர்கள் எழுவான்கரை மீனவரோடு பேசியிருந்தால், இருசாராருக்கும் பேச்சு விளங்கியிருக்கும், சட்டைதான் விளங்கியிராது.

1804 செப்டெம்பரில் இதே மட்டக்களப்பிலிருந்து மற்றொரு படை புறப்பட்டது. கப்டன் ஜோன்ஸ்டன் சுமார் 300 வீரரோடு மேற்கே வயலையும் காட்டையுங் கடந்து கண்டி நகரம்வரை சென்றார். வேறு திசைகளிலிருந்து வரவேண்டிய படைகள் வந்து சேரவில்லை. வெறுமையாய்க் கிடந்த தலைநகரிற் சில நாள் இருந்துவிட்டு, ஒக்டோபரில், வழிநெடுகத் தாக்குண்டு, திருகோணமலைக்குத் திரும்பினார். அந்த 300 பேரில் ஐரோப்பியர் நூற்றுக்கும் குறைவு. எஞ்சியோர் சிப்பாய்களும் மலாயரும். பொதி சுமந்தவர் தொகை அதற்கு மேல். ஜோன்ஸ்டன் பின்னாளிற் படை நடந்த கதையை நூலாக எழுதினார்; அதனால் அவர் பெயர் நிற்கிறது. வழியில் நோயால் விழுந்த சிப்பாய்க்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை.

முகம் முற்றாக இல்லை என்பதும் மிகை. அக்காலத்தே தஞ்சாவூர் ஓவியர், ஐரோப்பிய வாடிக்கையாளரின் விருப்புக்கு இணங்க, நாட்டிலுள்ள தொழிலாளர், சாதியார், துறவிகள் முதலியோரை இணையிணையாக எழுதிப் படத்தொகுதிகளாக விற்றனர். சிப்பாயும் அவன் மனைவியும் அத்தொகுதிகளில் அடிக்கடி காணப்படுவர். திருச்சிராப்பள்ளி ஓவியர் அப்பிரகத் தகட்டிலும் இத்தகைய உருவங்களை எழுதினர். இவற்றைச் சேர்த்தோர் கும்பினி அலுவலர். வீடு திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு போனார்கள். அவ்வாறு போனவற்றுட் பல பிற்காலத்தில் இலண்டன் நூதனசாலைகளையும் நூலகங்களையும் அடைந்தன. ஈயச் சிப்பாய்க்கு மூத்த தமையன் இந்தத் தாட் சிப்பாய் எனலாம். சிவந்த மேற்குப்பாயம், தொடையளவில் நிற்கும் வெண்ணிறக் குறுங்காற்சட்டை, இடையிற் கச்சு, வெறுங்கால், செருப்பு, தலையில் உயர்ந்த பாகை. பாதி ஐரோப்பியன், பாதி ஊரவன். அரைக்குமேல் இலண்டன், அரைக்குக்கீழ்த் தஞ்சாவூர் என்று சொன்னால் நகைப்புக்கு இடமாகும். ஆயினும் உண்மை அதுதான்.

வண்ணச் சிப்பாய்களைச் சேர்ப்போர், தலைப்பாகையின் மடிப்பு எத்தகையது, பட்டையின் நிறம் எது, பொத்தான் எத்தனை என்றெல்லாம் நுணுக்கமாக ஆராய்வர். பிழையாகத் தீட்டிய பொம்மையை வரிசையில் வையார். அறியாதவர்க்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஆனால் தலைப்பாகையின் வடிவம் சிறு விஷயம் அன்று என்பதை, பொம்மை சேர்ப்போருக்கு வெகுகாலம் முன்னரே, பொம்மைக்கு மூலமான மனிதர் உயிர்கொடுத்துக் காட்டிவிட்டனர்.

1805 ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. உருவத்தில் அது ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அதிலே தோலாற் செய்த அணியும் பொருத்தப்பட்டது. தொடர்ந்து, அணிவகுப்பில் நிற்குங்கால் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்கப்படவேண்டும், மீசை ஒரே அளவாக இருக்கவேண்டும் என்னும் விதிகளும் வந்தன. படைத்தலைவர் சேர் ஜோன் கிரடொக். சென்னைத் தேசாதிபதி வில்லியம் பென்டிங்க். இருவருக்கும் இது ஒழுங்கு பற்றிய காரியமாகவே தோன்றியது. எல்லாரும் ஒரேமாதிரி நின்றால் வரிசை அழகாக இருக்கும் அன்றோ?

மட்டக்களப்பார்க்கு இதன் பொருளை விளக்க அதிகம் பேசவேண்டியதில்லை. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்புப் பூண்டு களரிக்கு வருபவன் அக்கணமே அரசன் ஆகிறான். ஆடை களைந்தால் மீண்டும் வயற்காரன். உடுப்பு உடலைப் போர்ப்பது மட்டுமன்று, ஆளையே மாற்றுவது என்பது கூத்தறிந்தோர் எல்லாரும் அறிந்ததே. ஆயினும் கூத்தன் விடியற்காலையில் உடுப்பைக் களையலாம். சிப்பாய் களைய முடியாது. புதிய தொப்பியோடு ஊருக்குச் சென்றால், அவன் தன் சமயத்தை விட்டுவிட்டான் என உறவினர் எண்ணுவர், அவன் வீட்டிற் பெண் கொடார், பந்தியில் இடங்கொடார். அச்சம் இதுவாகவே இருந்தது. இந்துவும் முஸ்லிமும் ஒருசேர அஞ்சினர்.

1806 மே மாதத்தில் வேலூர்க் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் அத்தலைப்பாகையை அணிய மறுத்தனர். இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. மற்றும் பலர்க்கு 500 அடி விதித்து, அவர் மன்னிப்பு வேண்டியபின் விடப்பட்டது. ஜூலை 10 ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் துவக்குகள் வெடித்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். கோட்டையிற் சிறையிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தாரின் பெயரால் மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்பார் குதிரைப்படையோடு விரைந்து வர, முற்பகலுக்குள் யாவும் முடிந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். விசாரணைக்குப் பின் அறுவர் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர். கலகத்திற் பங்குகொண்ட பட்டாளங்கள் கலைக்கப்பட்டன.

புதிய தலைப்பாகை பற்றிய ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடொக்கும் பென்டிங்கும் தத்தம் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டனர். சிப்பாய்களின் துயரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர் கூறுவர். சம்பளக் குறைவு, பதவியுயர்வின்மை, திப்புவின் மக்கள் அருகிருந்தமை ஆகியன அவற்றுட் சில. அவையெல்லாம் மெய்யே. எனினும் தலைப்பாகை ஒரு சாக்கு மட்டுமே என்று தள்ளிவிடுவது பொருந்தாது. வேறு குறைகளுக்காக மனு எழுதலாம். நெற்றியிற் குறி அழிக்கப்படும்போது எதை எழுதுவது?

இங்கே ஒரு விந்தை. வேலூரிற் கலைக்கப்பட்டவற்றுள் முதலாம் ரெஜிமெண்டின் பட்டாளங்களும் அடங்கும். பட்டாளம் போயிற்று, எண் பின்னர் வேறு வீரர்க்கு வழங்கிற்று. ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பின், அந்த எண்ணே பிரிட்டன் தொழிலகத்துப் பெட்டியின் மேல் அச்சாகி வந்தது. உள்ளே அச்சில் வார்த்த ஒரேமாதிரியான வீரர். கிரடொக் வேண்டிய வரிசை ஒருவாறு கிட்டிவிட்டது! வாங்கிய இலண்டன் சிறுவனுக்கு வேலூர் என ஓர் ஊர் உண்டென்றே தெரிந்திராது.

சிறுவரின் விளையாட்டிலும் அரசியல் நுழையாமல் இல்லை. வின்ஸ்டன் சேர்ச்சில் 1930 இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில், தம்மிடம் ஏறக்குறைய 1,500 ஈய வீரர்கள் இருந்தனர் என்றும், யாவரும் பிரித்தானியரே என்றும் குறித்துள்ளார். எதிர்ப்படைக்குத் தலைவன் தம்பி. தமையனும் தம்பியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனராம்: தம்பியின் படையிற் கருநிறத்தவரே இருக்கலாம்; அவர்களுக்குப் பீரங்கி கிடையாது. தந்தையார் ஒருநாள் வந்து அணிவகுப்பை நெடுநேரம் பார்த்து, படையிற் சேர விருப்பமா என்று மகனைக் கேட்டார். மகனின் வாழ்க்கை அன்று திரும்பியது.

பீரங்கி இல்லாத படை என்பது பிள்ளைகளின் கற்பனையன்று. 1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், மலைப்பீரங்கிப் பிரிவுகள் சில நீங்கலாக, பீரங்கிப்படை முழுவதையும் பிரித்தானியர் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். இந்தியர்க்கெனக் களப் பீரங்கிப் படையொன்று பெங்களூரில் அமைந்தது 1935 இலேதான். அறையின் தரையில் இரு சிறுவர் எழுதிக்கொண்ட உடன்படிக்கையும் பேரரசின் கொள்கையும் ஒன்றாக இருந்தன. பெரியோர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் இவ்விளையாட்டுக்கு விதிமுறை வகுத்துச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். ஈய வீரரை வைத்துப் போர் செய்து பார்த்தவர், மெய்ப்போர் எத்துணை மடமை என்று உணர்வர் என்பது அவருடைய நம்பிக்கை. மறு ஆண்டே உலக யுத்தம் மூண்டது.

சேர்ப்பது ஒரு கலை. காட்சிக்கு வைப்பது மற்றொன்று. யாரை எங்கே நிறுத்துவது என்பதிலே வரலாறு எழுதப்படுகிறது. இதனைத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்து அறிந்தவர் வில்லியம் சைபோர்ன் என்னும் பிரித்தானிய அதிகாரி. 1815 ஜூன் 18 மாலையில் வாட்டர்லூக் களம் எவ்வாறிருந்தது என்பதை மாதிரியாகச் செய்யுமாறு 1830 இல் அவர் பணிக்கப்பட்டார். களத்தருகே எட்டு மாதந் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் பங்குபற்றிய அதிகாரிகளுக்கு நூற்றுக்கணக்கிற் கடிதம் எழுதி விடை பெற்றார். 70,000 க்கு மேற்பட்ட சிறு வீரர்களை, சுமார் 21 அடி நீளமான மாதிரி நிலத்தில் நிறுத்தி, 1838 இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டனர். ஆனால் நேச நாடாகிய பிரஷ்யாவின் படை எப்போது, எத்தனை அளவில் வந்து சேர்ந்தது என்பதில், சைபோர்ன் நிறுத்தியதும் தளகர்த்தர் வெலிங்டன் கூறியதும் ஒத்துவரவில்லை. வெற்றியில் எவருக்கு எத்தனை பங்கு என்பதல்லவா அங்கே வழக்கு! விரல்நகத்தளவு ஈய உருவங்கள் ஒரு பெருந்தளபதியின் புகழுக்கு இடைஞ்சலாயின. அரசாங்கம் பணம் நிறுத்திவிட்டதால் சைபோர்ன் கடனில் ஆழ்ந்தார். 1849 இல் மறைந்தார். அவர் செய்த மாதிரி இலண்டன் செல்சியிலுள்ள தேசிய இராணுவ நூதனசாலையைச் சேர்ந்தது. அவர் கடிதம் எழுதியது பெரும்பாலும் அதிகாரிகளுக்கே. சாதாரணச் சிப்பாயை எவரும் அதிகங் கேட்கவில்லை.

தமிழ்நாட்டார் சிப்பாயை நிறுத்திய முறை முற்றும் வேறு. நவராத்திரிக் கொலுவில் மேற்படிகளிற் கலசமும் தெய்வங்களும்; கீழிறங்க அடியார், அரசர்; இன்னும் கீழே செட்டியார் கடை, கலியாண ஊர்வலம், பாம்பாட்டி, பாண்டு வாத்தியக்காரர். பண்ணுருட்டி முதலிய ஊர்களில் மண்ணாற் செய்து வண்ணந் தீட்டிய சிப்பாயும் அந்தக் கீழ்ப்படியிலே இடம்பெற்றான். யாரையும் குறிபார்க்காமல் நின்றான். கொலுவில் அவனுக்குப் பகைவன் இல்லை. ஈயப்படை தரையில் இரண்டு அணியாகப் பிரியாவிட்டால் விளையாட்டே இல்லை. கொலுவிலோ எல்லாரும் ஒரே திசை பார்த்து நிற்பர். புதிதாக ஊருக்குள் வந்தவன் எவனாயினும் அவனுக்கு ஒரு படி கொடுத்துவிடுவது அம்மக்களின் வழக்கம் போலும். மேற்படி கொடார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

சிற்றூர்களின் அய்யனார் கோயிலிலும் இவனைக் காணலாம். மண்குதிரைகளின் பக்கத்தே, செங்குப்பாயமும் துவக்குமாக, காவலாள் உருவில் நிற்பான். குயவர் அவனை வனைந்தபோது இலண்டன் பட்டியலைப் பார்த்து வனையவில்லை. பொத்தானின் எண்ணிக்கை பிழைத்திருக்கலாம். நுணுக்கம் நோக்கும் சேகரிப்பாளர் அவனை ஏற்கமாட்டார். ஆனால் அவன் நெற்றியில் திருநீறு இருக்கிறது. 1806 இல் அணிவகுப்பில் எது விலக்கப்பட்டதோ அதைக் குயவர் மறவாமல் இட்டனர். திருவிழாதோறும் அவனுக்குப் புதுவண்ணமும் தீட்டுகின்றனர். ஈயச் சிப்பாய்க்கு வண்ணம் புதுக்கினால் மதிப்பு இறங்கும். பழைய வண்ணமும் பழைய பெட்டியும் சேர்ந்திருந்தாற்றான் விலை. இவனுக்கோ வண்ணம் புதுக்காவிட்டால் ஊருக்கே குறை.

ஈய வீரர்களுக்கு ஒரு நோயும் உண்டு. சிலவகை மரப் பேழைகளிலிருந்தும் அட்டைகளிலிருந்தும் கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு கூடி, ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும். அழகிய கண்ணாடிப் பேழையிற் பூட்டிவைத்த படை, எதிரியைக் காணாமலே பொடியாகிப் போனதுண்டு. வாவிக்கரை போன்ற ஈரநிலங்களில் இதற்குப் பன்மடங்கு காவல் வேண்டும். குழந்தைகளின் உடல்நலங் கருதி ஈயப் பொம்மைக்கு எதிராக விதிகள் வந்தபின், பிரிட்டன் தொழிலகம் 1966 இல் ஈய வார்ப்பை நிறுத்தியது. பிளாஸ்டிக்கு அவ்விடத்தைப் பிடித்தது. மண்டூர் போன்ற ஊர்களின் திருவிழாக் கடைகளில் நிற்பவன் அவ்வழியில் வந்தவனே. அவன் தலையிற் பாகை இல்லை, இரும்புத் தொப்பி இருக்கிறது. எந்த நாட்டுப் படையினன் என்றுஞ் சொல்ல முடியாது.

கொலுச் சிப்பாய்க்கு அரிப்பு நோய் இல்லை. கைதவறினால் உடைவான், அவ்வளவே. விஜயதசமி இரவில் கொலுப்படியிலுள்ள பொம்மை ஒன்றைப் படுக்க வைப்பார்கள். கொலு உறங்கிற்று என்பது பொருள். மறுநாள் ஒவ்வொரு பொம்மையையும் பழஞ்சேலைத் துண்டிற் சுற்றிப் பெட்டியில் அடுக்குவர். சிப்பாயைச் சுற்றும்போது வீட்டுப் பெண்கள் தலைப்பாகையைத்தான் முதலிற் பொதிவார்கள். உடைந்தால் முதலில் உடைவது அது.